வெள்ள முகாமில் ஒரு விரதக்காரி

பிள்ளைகளே, வெள்ளத்துக்குப் பிறகு ஒரு முகாமுக்குள் முதன்முதலாகக் காலடி வைக்கும்போது உங்கள் வாயில் ஒரு கேள்வி தயாராக இருக்கும். "என்ன வேணும்?" நல்ல மனதோடுதான் கேட்பீர்கள். ஆனால் எங்கள் சனத்திடமிருந்து அதற்கு உண்மையான பதில் வருமென்று நம்பினால், உங்களைப் போல அப்பாவி வேறு ஆளில்லை. "ஒண்டும் வேண்டாம் மிசி, எல்லாம் இருக்கு" என்பார்கள். அப்படிச் சொல்கிறவரின் வீட்டில் முகடு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்துகொண்டிருக்கும்.

ஊரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அதே ரகம்தான். போன மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, "அக்கா, தூக்கி விடட்டோ?" என்று கேட்டாள். கிடந்த கிடையிலேயே, "ஒண்டுமில்லை, நீர் போய் உம்மட அலுவலைப் பாரும்" என்றேன். அவள் என் பேச்சைக் கேட்காமல் தூக்கிவிட்டபடியால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் கதிரையில் இருந்து கதைக்கிறேன்.

கருவிகளை எப்படி அவிப்பது, கர்ப்பிணிகளின் அட்டையை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் படிப்பித்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைக்க எனக்கு ஆசையில்லை. வகுப்பில் படிப்பிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பசியை மறைக்கிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பது அது. மருத்துவமாதாக, அதாவது பிள்ளைப்பேறு பார்க்கிறவளாக, வன்னியில் நான் வேலை செய்த காலம் முழுவதும் என்னிடம் இருந்தவை ஒரு சைக்கிளும் ஒரு பையும்தான். நான் தாதியுமல்ல, டொக்டருமல்ல. ஆனாலும் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல சனம் என்னையும் மிசி என்றுதான் கூப்பிடும்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஒரு மார்கழி. புயலும் மழையும் சேர்ந்து அடித்ததில் விசுவமடுவுக்கு உட்புறமாக இருந்த ஒரு குடியேற்றத்துக்கு மேலே குளத்து அணைக்கட்டு ஓரிடத்தில் உடைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலிருந்து காணி எடுத்து வந்து, காடு வெட்டி, நெல்லும் மிளகாயும் செய்து நிமிர்ந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. உயிர்ச்சேதம் இல்லை, கடவுள் புண்ணியம். எல்லோரும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குள் ஏறிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் தீவாகிவிட்டது. பெரிய தெருவுக்கும் அதற்கும் இடையில் இருந்த வயல்கள் எல்லாம் ஒரே தண்ணீர்.

அவர்களுக்கு முதல் உதவி எங்கிருந்து வந்தது தெரியுமா? முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்தது. அங்கேயும் புயல் அடித்துத்தான் இருந்தது, கடலுக்குப் போக வழியில்லை. கரையில் சும்மா கிடந்த வள்ளங்களை உழவு மெசின், அதாவது ட்ரக்டர், பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு அந்தக் கத்தோலிக்கச் சனம் தெரு வழியே வந்து இறங்கிவிட்டது. ஆண்கள் வள்ளம் விட்டார்கள். பெண்கள் பெரிய பெரிய சட்டிகளோடு வந்து, பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் கொட்டிலில் அடுப்பு மூட்டினார்கள். அரசாங்கத்து லொறி இன்னும் எந்தப் பக்கம் திரும்புவதென்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கொட்டிலுக்குத் தலைவி றோசம்மா. நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். ஈர விறகோடு சண்டை பிடித்துக்கொண்டே சோறு ஆக்குவாள், ஆக்கிக்கொண்டே பகிடி விடுவாள். அவளுடைய தம்பி அந்தோனிதான் என்னைத் தெருவிலிருந்து வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனவன். நான் இறங்கியதும் றோசம்மா அகப்பையைத் தூக்கிக் காட்டி, "மிசி, இஞ்சை ஒருத்தரும் பசியால வாடேல்லை. நீங்கள் காய்ச்சலை மட்டும் பாருங்கோ" என்றாள். சொன்னதில் பெருமை இருந்தது, இருக்கத்தானே வேண்டும். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கென்று தங்கள் வீடுகளில் பக்குவமாக வைத்திருந்த கருவாட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, குழம்பு வைத்து, சோற்றோடு குழைத்து, இலையில் கட்டி ஆளுக்கொரு பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வகுப்பறை வகுப்பறையாகப் போனேன். "சாப்பிட்டீங்களோ?" என்றால் எல்லா மூலையிலிருந்தும் ஒரே பதில்தான். "ஓம் மிசி, சாப்பிட்டனாங்கள்." குழந்தைகளின் வயிறு நிரம்பியிருந்தது, கண்ணாலேயே தெரிந்தது. ஆண்களும் தெம்பாகத்தான் இருந்தார்கள். கடைசி வகுப்பறையில் சுவரோடு சாய்ந்திருந்த ஒருத்தியின் முகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

செல்வமலரை எனக்கு முன்னமே தெரியும். என் பிரிவுக்குள் நான் அதிகம் கவலைப்பட்ட பெண் அவள்தான். முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே தவறிப்போனது. இரண்டாவதை வயிற்றை வெட்டி எடுத்தும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது. பிறக்கத் தைமாதம் ஆகுமென்று கணக்கு. இவளுக்கு வலி கண்டால் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குத்தான் போக வேண்டும், வீட்டில் வைத்து விளையாட முடியாது என்று அவளுடைய புருஷன் சிவராசாவிடமும் மாமியாரிடமும் நான் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தேன். வெள்ளம் வருமென்று மட்டும் எனக்கும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

"சாப்பிட்டீரோ?"

"ஓம் மிசி."

உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. நாடி பிடிக்கக் கையைத் தூக்கினேன். இடது மணிக்கட்டில் நூல் காப்பு, இழை இழையாகத் திரித்துக் கட்டியது. பிள்ளையார் பெருங்கதை விரதம். கார்த்திகைப் பறுவத்துக்கு, அதாவது பௌர்ணமிக்கு, பிறகு தொடங்கி இருபத்தொரு நாள் பிடிப்பார்கள். ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் சைவம். விரதம் முடியும்வரை வீட்டில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைக்கமாட்டார்கள். மச்சம் ஆக்கிய சட்டியில் ஆக்கிய வெறும் சோற்றைக்கூட விரதக்காரர் தொடமாட்டார்கள். நான் நூலைப் பார்த்தேன், பிறகு கொட்டில் பக்கமிருந்து வந்த கருவாட்டு வாசனையை மூக்கில் பிடித்தேன். ஒன்றும் ஒன்றும் இரண்டு.

"எவ்வளவு நாளாச் சாப்பிடேல்லை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அவள் அழத் தொடங்கிவிட்டாள். "இஞ்சை வந்த நாள் துவக்கம் வெறுந்தேத்தண்ணிதான் குடிச்சனான் மிசி. இந்தப் பிள்ளையாவது தங்கவேணுமெண்டு நேந்து பிடிக்கிறன். விட ஏலாது."

"அதை றோசம்மாவிட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாதேங்கோ மிசி, உங்களைக் கும்பிட்டன். அவையள் தங்கட வீடு வாசலை விட்டிட்டு வந்து மழைக்குள்ள நிண்டு சமைக்கினம். தாற சோத்தில குறை சொன்ன மாதிரிப் போடும்."

பாருங்கள் கதையை. கொடுத்த கை நோகக்கூடாதென்று வயிற்றில் ஒரு பிள்ளையோடு பட்டினி கிடக்கிறாள். உலகத்தில் வேறெங்கேயும் இப்படி ஒரு மரியாதை உண்டோ தெரியாது. எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. நோயாளி சொன்ன இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் கட்டளை. ஆனால் இந்த இரகசியம் அவளையும் பிள்ளையையும் தின்றுவிடும். எப்படி எடுத்துச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் சத்தம் எழும்பியது.

செல்வமலருக்கும் தனக்கும் வந்த பார்சல்களை மாமியார் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போய், பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் பின்னால் நாய்களுக்குப் போட்டிருக்கிறார். விறகு பொறுக்க வந்த றோசம்மா கண்டுவிட்டாள்.

"நாய்க்குப் போடவோ அம்மா நாங்கள் விடியப்புறம் எழும்பிச் சமைச்சனாங்கள்?" அவள் குரல் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. "எங்கட பிள்ளையளின்ர நத்தார்க் கருவாடு அது. கடற்கரைச் சனத்தின்ர கையால ஆக்கினது உங்கட தொண்டைக்குள்ள இறங்காதோ? எங்கட மீன் மட்டும் சந்தையில இனிக்குதோ?"

மாமியார் வாய் திறக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனம் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றினதுபோல ஆகிவிட்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன், நீங்களும் ஒளிக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர்களில் யார் கையால் யார் சாப்பிடுவார், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கமாட்டார் என்பதற்கெல்லாம் சாதிக் கணக்கு இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கரையோரத்துச் சனம் தலைமுறை தலைமுறையாக அந்தக் காயத்தோடு வளர்ந்தது. அதனால் றோசம்மா அப்படி நினைத்ததில் எனக்குப் பிழையே தெரியவில்லை. நான் அவளாக இருந்திருந்தால் இன்னும் கேவலமாகத் திட்டியிருப்பேன்.

அந்தோனி வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், நாய்களைப் பார்த்தான். அவனுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. "சட்டியளை ஏத்து அக்கா, போவம்" என்றான். மற்ற வள்ளக்காரரும் எழும்பிவிட்டார்கள்.

அவர்கள் போய்விட்டால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு இல்லை என்பது ஒருபக்கம். செல்வமலருக்கு வலி வந்தால் தெருவுக்குக் கொண்டுபோக வள்ளம் இல்லை என்பது மறுபக்கம். எனக்கு இந்த இரண்டாவதுதான் நெஞ்சில் இடித்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உத்தியோக அதிகாரத்தைக் காட்டி, "இப்ப சண்டை பிடிக்கிற நேரமோ?" என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். போட்டால் சத்தம் அடங்கும், மனம் அடங்காது. இல்லையென்றால் செல்வமலரின் இரகசியத்தை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்திருக்கலாம். அப்போது அவள் என்னை ஆயுளுக்கும் நம்பமாட்டாள். அவள் மட்டுமல்ல, அங்கே நின்ற ஒரு பெண்ணும் நம்பமாட்டாள். இரண்டையும் விட்டுவிட்டு நான் றோசம்மாவின் கையைப் பிடித்தேன். "போறதெண்டால் போங்கோ. அதுக்கு முன்னம் ஒருக்கா என்னோட வாங்கோ. ஒரு பெட்டையைப் பாக்கவேணும்" என்றேன்.

அவள் கையை உதறவில்லை. கோபக்காரர்களில் நல்லவர்கள் கையை உதறமாட்டார்கள், இது என் அனுபவம்.

செல்வமலருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "செல்வம், நான் ஒண்டும் சொல்லேல்லை. நீரே சொல்லும்" என்றேன். அவள் றோசம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இடது கையை மட்டும் நீட்டினாள்.

றோசம்மா குனிந்து நூலைப் பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"விசர்ப் பெட்டை!" என்றாள். "இதை வாய் திறந்து சொன்னால் என்ன குறைஞ்சா போவாய்? பெரிய வெள்ளிக்கு நாங்களும் கஞ்சியோட கிடக்கிற ஆக்கள்தானே? எங்களுக்கு விரதம் விளங்காதோ?"

"நீங்கள் மனம் நோவீங்கள் எண்டு..."

"இப்ப மட்டும் நோகேல்லையோ?"

இருவரும் அழுதார்கள். அழுகைக்கு நடுவில் றோசம்மாவின் கண் வாசற்படியில் வந்து நின்ற மாமியார்மேல் விழுந்தது. அவள் பார்த்தது முகத்தையல்ல, மணிக்கட்டை. மாமியாரின் கையில் நூல் இல்லை. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வீட்டில் ஒருவர் விரதம் பிடித்தால் மற்றவர்களும் மச்சம் தவிர்ப்பது வழக்கம்தான். அதற்காகத்தான் அவர் சாப்பிடவில்லையோ, வேறு காரணமோ, அந்த முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"அப்ப இவ?" என்று றோசம்மா தொடங்கினாள்.

அந்த நேரம் செல்வமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்தாள். தைமாதத்துக்குரிய வலி மார்கழியிலேயே வந்துவிட்டது.

"றோசம்மா, அந்தக் கணக்கைப் பிறகு பாப்பம்" என்றேன். "இவளைத் தெருவுக்குக் கொண்டுபோகவேணும்."

அந்தோனி சட்டி ஏற்றுவதை விட்டுவிட்டு ஓடி வந்தான். "மிசி, இப்பவே வெளிக்கிடுங்கோ. தண்ணி இழுவை கூடிக்கொண்டு போகுது" என்றான். அவன் சொன்னது சரி. ஆனால் செல்வமலரை எழுப்பி இருத்தினால் கண் சொருகியது. நாடி தறிகெட்டு ஓடியது. ஆசுபத்திரியில் வயிற்றை வெட்ட வேண்டி வரலாம், அதற்கு வயிறு வெறுமையாக இருக்கவேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். இந்த நிலையில் அவளை வள்ளத்தில் ஏற்றினால் ஆசுபத்திரி வாசலைக் காண்பாளோ என்பது என் பயம். பாடம் ஒருபக்கம் இழுக்கிறது, கையில் பிடித்த நாடி மறுபக்கம் இழுக்கிறது. நான் நாடியை நம்பினேன். கஞ்சி அல்ல, கஞ்சியின் தெளிவு மட்டும், உப்பும் சீனியும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. அதுவரை வள்ளம் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்துவிட்டேன், காய்ச்சப் பாத்திரம்? றோசம்மாவின் சட்டி எல்லாம் கருவாட்டுச் சட்டி. குடியேற்றத்துப் பெண்களின் சைவச் சட்டிகள் எல்லாம் வெள்ளத்துக்குக் கீழே. அப்போதுதான் என் பை கண்ணில் பட்டது. உள்ளே நான் கருவிகள் அவிக்கிற மூடியுள்ள பாத்திரம் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

மாமியார் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்தார். "ஐயோ மிசி, அதுக்குள்ள நீங்கள் கத்திரிக்கோல் எல்லே அவிக்கிறனீங்கள்!"

"கத்திரிக்கோல் மச்சமில்லை அம்மா" என்றேன்.

றோசம்மாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அழுத கண்ணோடு அப்படியொரு சிரிப்பு. அது மற்றவர்களுக்கும் தொற்றி, வலியில் கிடந்த செல்வமலரின் உதட்டிலும் கொஞ்சம் வந்து போனது. எனக்கு உள்ளே இருந்த ஏதோ ஒன்று அந்த நேரத்தில் இளகியது. இனிச் சமாளிக்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அந்த மாவட்டத்திலேயே அதைவிடச் சுத்தமான பாத்திரம் இருந்திருக்காது.

றோசம்மா கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், இன்னொரு தரம் கழுவினாள். புதிதாக ஒரு அடுப்பு கூட்டினாள். தெளிவை ஆற்றி, அவளே செல்வமலரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பருக்கினாள். ஒவ்வொரு வாய்க்கும், "உன்ர பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார், குடி பிள்ளை" என்றாள். செல்வமலர் குடித்தாள். கடைசித் துளிவரை குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நாடி என் விரலுக்குக் கீழே மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

வள்ளத்தில் நாலு பேர் ஏறினோம், செல்வமலர், நான், சிவராசா, அந்தோனி. நான் வரும்போது வந்த வழியில் மதகு உடைந்து தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அதனால் வயல், தோட்டங்களுக்கு மேலால் குறுக்கே விடுவதென்று தீர்மானித்தார்கள். அந்தோனிக்குக் கடலும் களப்பும் தெரியும். ஆனால் இந்தத் தண்ணீருக்குக் கீழே கிடந்ததோ அடுத்தவன் தோட்டம். கட்டில்லாத கிணறுகள், முட்கம்பி வேலிகள், வாய்க்கால் கட்டுகள் எல்லாம் ஒரே மட்டமாக மூடிக் கிடந்தன. ஓரிடத்தில் அவன் ஊன்றிய கம்பு அடியே இல்லாமல் இறங்கிவிட்டது. கம்போடு அவனும் போகப் பார்த்தான். சிவராசா பாய்ந்து இடுப்பில் பிடித்து இழுத்தான்.

"அது கந்தையா அண்ணையின்ர கிணறு" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. "இனி நான் சொல்லுறன், நீங்கள் விடுங்கோ."

பிறகு ஒருவன் முன்னால் இருந்து சொன்னான், மற்றவன் பின்னால் நின்று வள்ளத்தை விட்டான். "இதால நேர விடுங்கோ, இது என்ர மிளகாய்த் தோட்டம்." "இனிக் கொஞ்சம் இடப்பக்கம், அங்கை கம்பி வேலி." வெள்ளம் கொண்டுபோன தன் தோட்டத்துக்கு மேலாலேயே பெண்சாதியைக் கொண்டுபோகிற மனிதனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனோ தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. வழியை மட்டும் சொன்னான். செல்வமலர் என் கையை நெரித்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் பிள்ளையாரைக் கூப்பிட்டாள். அந்தோனி தன் பாட்டுக்கு மாதாவைக் கூப்பிட்டான். யாருக்குக் கேட்டதோ, தெருவுக்கு வந்து சேர்ந்தோம். உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மழைக்குப் படங்கு பிடித்து, கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம்.

ஆசுபத்திரியில் டொக்டர் அவளைப் பார்க்க வந்ததும், அவர் கேட்பதற்கு முன்னமே நான் சொல்லிவிட்டேன். "டொக்டர், கஞ்சித் தெளிவு குடுத்துத்தான் கொண்டு வந்தனான்." அவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், எத்தனை நாளாகச் சாப்பாடு இல்லை என்று கேட்டார். கேட்டுவிட்டு, "சரி" என்றார். அந்தச் "சரி"க்கு நான் அன்றைக்கு ஒரு கோயிலே கட்டியிருப்பேன். நீங்களும் பாடத்தை மீற வேண்டி வந்தால் மீறுங்கள். ஆனால் மீறியதை மறைக்காதீர்கள், அடுத்த கைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். சிறிய பிள்ளை, பூனைக்குட்டி அளவு. ஆனால் அழுதது பாருங்கள், ஆசுபத்திரிக் கூரைத் தகரம் அதிர்ந்தது. சிவராசா சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினான். எனக்கும் அதற்குப் பிறகுதான் கால் வலிப்பது தெரிந்தது.

தாயும் பிள்ளையும் தேறிவிட்டார்கள் என்று கண்ட பிறகு, மறுநாள் அந்தோனியின் வள்ளத்திலேயே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். மழை விட்டிருந்தது. வரும் வழியில் அவனிடம், "சட்டியள் எல்லாம் ஏத்தியாச்சோ?" என்று சீண்டினேன். "அதை அக்காட்டைக் கேளுங்கோ, எனக்குத் தெரியாது" என்று வேறுபக்கம் பார்த்தான்.

நாங்கள் கரை தட்டுவதற்கு முன்னமே சனம் விறாந்தையில் கூடிவிட்டது. "மிசி, என்ன பிள்ளை?"

"பெண்! தாயும் சுகம், பிள்ளையும் சுகம்!"

றோசம்மா கொட்டிலுக்குள் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டாள். மாமியார் படியில் அப்படியே குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். செல்வமலர் இழந்த பிள்ளைகளுக்கு அவரும் அப்பம்மாதானே.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "மிசி, பிள்ளை பிறந்திட்டுது. இனி எங்களுக்குத் துடக்கு. விரதம் இதோட நிண்டுது" என்றார்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு, உண்டு. துடக்கு வந்தால் கோயிலும் இல்லை, விரதமும் இல்லை, நடுவிலேயே நின்றுவிடும். அது எங்களுக்குத் தெரிந்த விசயம், பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற றோசம்மாவுக்கும் தெரிந்த விசயம். கொட்டிலுக்குள் அகப்பை சட்டியில் உரசுகிற சத்தம் நின்றது. விரதம் என்று சொல்லிக்கொள்ள இனி ஒரு சாட்டும் இல்லை. இப்போது அவர் சாப்பிடாமல் விட்டால், நாய்களுக்குப் போட்ட அந்தச் சோற்றுக்கு ஒரே அர்த்தம்தான். இதை நான் நினைத்தேன், றோசம்மா நினைத்தாள், அங்கே நின்ற எல்லோரும் நினைத்தார்கள். ஒருவரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மாமியார் சேற்றுக்குள் இறங்கிக் கொட்டிலுக்கு நடந்தார். அடுக்கி வைத்திருந்த சாப்பாட்டுக் கோப்பைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு றோசம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"எனக்கும் போடுங்கோ."

றோசம்மா வெறும் சோற்றை மட்டும் அள்ளிக் கோப்பையில் வைத்தாள். அகப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். மாமியார் கோப்பையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கருவாட்டையும் போடுங்கோ."

றோசம்மா குழம்புச் சட்டிக்குள் கிண்டி, இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துச் சோற்றின்மேல் வைத்தாள். மாமியார் அந்த அடுப்படியிலேயே ஒரு விறகுக்கட்டையில் குந்திக் குழைத்து முதல் வாயை வைத்தார்.

"முள்ளுப் பாத்துச் சாப்பிடுங்கோ, மச்சாள்" என்றாள் றோசம்மா.